வட்டத்துக்குள் புள்ளி

என்னைத் திட்டவும் எனக்குச் சோறு போடவும் சரிக்குச் சரி உரிமை வைத்திருந்த என் அண்ணாவுக்கு,

இந்த வெள்ளிக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. நம் திருப்பூர் ராயபுரத்து வழக்கப்படி ஒரு நினைவஞ்சலி நோட்டீஸ் அடிக்கச் சொன்னார்கள். மேலே உங்கள் படம், கீழே நான்கு வரி, கடைசியில் கண்ணீருடன் குடும்பத்தார். நான் அச்சகத்துக்குப் போய், நான்கு வரி போதாது, நான்கு பக்கம் வேண்டும் என்றேன்.

அச்சகக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க பெரியவரே, போனவருக்குச் சொல்றதுக்கு இத்தன சேதியா இருக்குது?"

"போனவருக்கு மட்டும் இல்லீங்க" என்றேன்.

ஆகவே கடிதம் உங்களுக்கு. ஊரும் பக்கத்தில் நின்று கேட்கட்டும். வெள்ளிக்கிழமை காலை தங்கள் பெண்ணுக்கு நிச்சயம் வைத்திருக்கிற நம் ஊர்க் குடும்பம் ஒன்று பந்தலில் உட்கார்ந்தபடியே கேட்கட்டும். அவர்கள் சம்பந்தம் பேசியிருக்கிற வீட்டார் பேரை நான் எழுதவில்லை. இப்போதைக்கு எழுதவில்லை.

முதலில் கடையின் சேதி. பழைய சாமான் கடை என்ற பலகை அப்படியேதான் தொங்குகிறது, அதன் கீழே உங்கள் பேரும். முப்பது வருடம் இந்த ஊர்ப் பாத்திரங்களில் எல்லாம் அடுத்தவர் பேரை வெட்டியவன் நான். பள்ளிக்கூடம் போகாமல், குடத்தின் கழுத்தைப் பார்த்துப் பார்த்தே எழுத்துப் படித்தவன். என் பேரைப் பலகையின் ஓரத்தில் எழுதுங்கள் என்று கேட்டபோது, "பலகை சின்னதுடா" என்றீர்கள். இதை இன்றைக்கு ஏன் கிளறுகிறேன்? நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்பதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளத்தான்.

பித்தளை வந்து குவிகிறது, அண்ணா. எல்லா வீட்டிலும் எவர்சில்வர் வந்துவிட்டது. அண்டாவும் தவலையும் விளக்கிச் சலித்த பெண்கள், தள்ளிவிட்டால் போதும் என்று தள்ளுகிறார்கள். மாராத்தாள் இன்னும் தலையில் எவர்சில்வர் கூடையோடு ஊர் ஊராக நடக்கிறாள். புதுத் தட்டும் டம்ளரும் கொடுத்துப் பழைய பித்தளையை வாங்குகிறாள், வாங்கியதை நம் கடையில்தான் கொண்டுவந்து போடுகிறாள். சாமான்களோடு அவளுக்கு இப்போது பழைய படங்களும் கிடைக்கின்றன. சுவரில் காலண்டர் மாட்ட இடம் வேண்டுமாம்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த முறையை நான் மாற்றவில்லை. எது வந்தாலும் முதலில் திருப்பு. பிறகு தட்டு. கடைசியாகத்தான் முகத்தைப் பார். ஒருவன் நூறு வருடத்துச் சிலை என்று ஒரு கல் முருகனைத் தூக்கி வந்தானே, நினைவிருக்கிறதா? முகமெல்லாம் கறுத்து, மூக்கு தேய்ந்து, பார்த்தால் கும்பிடத் தோன்றும். நீங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்தீர்கள். அடியில் உளி பட்ட இடம், நேற்றுச் செதுக்கியது போல, மாவு மாதிரி வெளுப்பாக இருந்தது. "திருமுருகன்பூண்டிச் சிற்பிங்ககிட்ட வாங்கிச் சாணிக்குழியில எத்தன நாள் போட்டு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டீர்கள். அவன் சிலையை எடுத்துக்கொண்டு போன வேகம் இருக்கிறதே!

பாத்திரம் என்றால் விரல் முட்டியால் வாய் விளிம்பில் இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, அடியில் ஒரு தட்டு. விரிசல் இல்லாத பாத்திரம் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் பாதியிலேயே செத்துவிடும். அந்தத் தட்டு உங்கள் தட்டு. நான் எத்தனை வருடம் தட்டினாலும் எனக்கு அந்த நிதானம் வரவில்லை. உங்கள் மகளுக்கு வந்தது.

நாலாவது விதி ஒன்றும் வைத்திருந்தீர்கள். ஏன் விற்கிறீர்கள் என்று யாரிடமும் கேட்கக்கூடாது. விற்க வருகிறவர் ஏற்கெனவே பாதி கூனித்தான் வருகிறார், நாம் கேட்டால் முழுதும் கூனிப் போவார் என்பீர்கள். நல்ல விதிதான். அந்த நல்ல விதி என்ன செய்தது என்று சொல்கிறேன்.

படிக்கிறவர்களுக்காக ஒன்று. என் அண்ணனுக்கு ஒரே மகள், சிவகாமி. அண்ணி அவளைக் கைக்குழந்தையாக விட்டுப் போனதால் அவள் கடையிலேயே வளர்ந்தாள், தராசுத் தட்டில் உட்கார்ந்து சோறு தின்றாள். எங்கள் கடையில் காவிக்கட்டியால் சாமான்களின் அடியில் குறி போடுவோம். ஒரு கோடு என்றால் உடனே விற்க. இரண்டு கோடு என்றால் காத்திருக்க, விலை ஏறும். வட்டம் போட்டு நடுவே ஒரு புள்ளி வைத்தால் விற்கக்கூடாது, அது வீட்டுக்கு. இந்தக் குறிகள் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அவளுக்கு ஏழு வயது இருக்கும். ஒரு அம்மாள் குத்துவிளக்கு வாங்க வந்தவர், கன்னத்தைக் கிள்ளி, "இந்தப் புள்ள என்ன வெலைங்க? எங்கூட்டுக்கு மருமகளாத் தூக்கிட்டுப் போறனுங்க" என்றார். இவள் விறுவிறுவென்று காவிக்கட்டியை எடுத்தாள். உள்ளங்கையில் வட்டம் போட்டாள், நடுவே புள்ளி வைத்தாள், அந்த அம்மாளின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நானு விக்கறதுக்கில்லீங்க. ஊட்டுக்குங்க."

கடையே சிரித்தது. நீங்கள் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டீர்கள். அன்றைக்கு அந்தக் கையை நீங்கள் கழுவவிடவில்லை.

பிறகு காங்கேயத்து எண்ணெய் மில்காரர்கள் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நம் வீட்டுச் சீர்க் குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தாள். விரலால் சுண்டினாள். நாம் செய்வதையெல்லாம் அவளும் செய்தாள், அண்ணா. "கனம் பத்தலைங்களே" என்றாள். நான் சும்மா இருக்கவில்லை. "பொண்ணப் பாக்க வந்தீங்களா, பித்தளை எடை போட வந்தீங்களா?" என்று கேட்டேன். நீங்கள் அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்து, "வாய மூடிட்டு உளியப் புடிக்கறதோட நின்னுக்க" என்றீர்கள்.

நின்றுகொண்டேன். சீர்ப் பாத்திரம் அத்தனையிலும் சிவகாமி என்று பேர் வெட்டினேன். என் பங்குக்கு அந்தக் கண்ணாடிப் படத்தைக் கொடுத்தேன். வள்ளி தெய்வானையோடு முருகன், அவினாசிப் பக்கம் இடித்த வீடு ஒன்றிலிருந்து வந்தது. கண்ணாடியின் பின்பக்கம் வரைகிற படம் அது, கண்ணை முதலில் எழுதி முகத்தைக் கடைசியில் பூசவேண்டும். மூலை உடைந்து கிடந்ததை நானே தேக்குச் சட்டம் போட்டுச் சரி செய்தேன். அதையும் கொடுத்துவிட்டு, அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடியே ஆறு வருடம் மிதிக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன்.

உங்கள் சாவுக்கு அவள் வந்தாள். மாமியார் ஒரு முழம் தள்ளாமல் கூடவே நின்றாள். அந்தியில் வண்டி பூட்டும்போது சிவகாமி என் பக்கத்தில் வந்து, "சித்தப்பா, கடைய மட்டும் வித்துராதீங்க" என்றாள். உங்கள் பாதிப் பங்கு அவளுக்குத்தானே வருகிறது, அதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எனக்குச் சுருக்கென்றது. "உங்கூட்டுப் பெரியவங்களக் கேட்டுட்டு வந்து பேசு" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறினாள். அவள் கேட்டது கடையைத்தானா? வந்து நிற்க ஒரு இடத்தையா?

ஆடியில் மாராத்தாள் ஒரு தவலையை இறக்கினாள். கழுத்தில் பேர் இருந்த இடத்தை அரத்தால் ராவி எடுத்திருந்தார்கள். பளபளவென்று ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. மற்றவர் கண்ணுக்கு அது வெறும் தேய்மானம். எனக்கு அப்படி இல்லை. முதல் எழுத்தான ‘சி’யின் கொக்கி மட்டும் அரத்துக்குத் தப்பியிருந்தது. அந்தக் கொக்கியை அப்படி வளைக்கிறவன் இந்தத் திருப்பூரில் ஒருவன்தான்.

"எந்த ஊடு மாராத்தா?" என்று கேட்க வாய் வந்தது. உங்கள் விதி நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால், விதியைவிட என் கோபம் பெரிதாக இருந்தது. என் எழுத்தை ராவிவிட்டார்கள் என்பதுதான் என் மனதில் ஓடியது. என் எழுத்தை! சிவகாமி எங்கே, எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் குடம் வந்தது. அதற்கடுத்து அண்டா. எல்லாவற்றிலும் அதே தழும்பு. திருப்பியும் பார்த்தேன், அடியில் கரி படிந்திருந்தது. அடுப்பில் ஏறிய பாத்திரத்தில் கரி இல்லாமல் இருக்குமா? உங்கள் தம்பி பெண்சாதியிடம் தள்ளிவிட்டேன். அவள் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கி வைத்தாள்.

பிறகு அந்தப் படம் வந்தது. சாக்கில் சுற்றி மாராத்தாள் கொண்டுவந்தாள். சாக்கின் ஓரத்தை விலக்கியதும் என் தேக்குச் சட்டம் தெரிந்தது. என் உடம்பெல்லாம் எரிந்தது. நான் கொடுத்ததையுமா சிவகாமி தள்ளிவிட்டாள் என்று நினைத்தேன். எந்தப் படம் வந்தாலும் முதலில் திருப்பிப் பார்க்கிறவன், அதைத் திருப்பவில்லை. சாக்கோடு ஒரு மூலையில் சாய்த்துவிட்டு இருபது நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

"ஏனுங்க, ஒருக்காப் பிரிச்சுத்தான் பாருங்களே" என்றாள் என் மனைவி.

"எனக்குத் தெரியாத படமா அது?"

"படந் தெரியுமுங்க. அதுக்கப்பறம் என்னாச்சுன்னு தெரியுமா?"

கத்தினேன். அது எனக்கு எப்போதும் வரும்.

இருபத்தோராம் நாள் கோயமுத்தூரிலிருந்து ஒருவர் காரில் வந்தார். புது பங்களாவுக்குப் பழைய படங்கள் வேண்டுமாம். அவருக்குக் காட்டுவதற்காகச் சாக்கை உருவினேன். கை தன் பழக்கத்தில் படத்தைத் திருப்பியது.

பின்பலகையில் ஒரு வட்டம். நடுவே புள்ளி.

விரல் நுனியால் போட்டது. வட்டம் ஓரிடத்தில் சேரவில்லை. குங்குமம் என்று நினைத்தேன். ஆனால் குங்குமம் நாளானால் மங்கும், இப்படிப் பழுப்பாகக் கருக்காது. முப்பது வருடமாகப் படங்களில் சாயம் பார்த்த கண் இது. அதற்கு மேல் இந்தக் காகிதத்தில் எழுத மாட்டேன்.

வந்தவர், "என்ன சொல்றீங்க பெரியவரே, வெல?" என்றார். "இது ஊட்டுக்குங்க" என்றேன்.

உள்ளே ஓடி, "அந்தத் தவலை, குடம், அண்டா, அடியில கரி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அப்படியே நின்றது.

"வட்டமா இருந்துச்சுங்க" என்றாள். "மூணுலயும். நடுவுல ஒரு பொட்டாட்ட. கரி இப்பிடிக்கூட ஒக்காருமான்னு நெனச்சனுங்க. நெனச்சுக்கிட்டே தேச்சுப்போட்டனுங்க."

மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள், அண்ணா. மூன்று முறையும் புளி போட்டு அழித்தோம். சமையல்கட்டில் இருந்தவரைக்கும் கரி கிடைத்திருக்கிறது. நாலாவது முறை கரி கிடைக்காத இடத்தில் இருந்திருக்கிறாள்.

மாராத்தாளைப் பிடித்து உட்காரவைத்து, கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன்.

"காங்கேயந்தானுங்க சாமி. மில்லுக்கார ஊடு. நானு சிவகாமிக் கண்ணுவப் பாத்து மூணு மாசமாச்சுங்க. மொதல்லயெல்லாம் உள்ளயிருந்து எட்டிப் பாக்கும், பேச உடமாட்டாங்க. இப்ப மாமியாதான் எல்லாத்தையும் கொண்டாந்து வெக்குது. கேட்டா, ஒடம்புக்குச் சரியில்லைங்குது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான அந்த ஊட்டுப் பேச்சையே எடுக்கக்கூடாதுன்னு சொன்னீங்க?"

சொன்னேன். நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் என் மனைவியும் காங்கேயம் போனோம். ஆறு வருடத்து வீம்பு ஒரு படியில் முடிந்துபோயிற்று, காலைத் தூக்கி வைத்தால் வைத்ததுதான்.

"வாங்க சம்மந்தி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?" மாமியார் மோர் கொண்டுவந்தாள். குரலில் வெல்லம்.

"சிவகாமியப் பாக்கோணுமுங்க."

"அவ எம் பொறந்தவ ஊட்டுக்குப் போயிருக்குதுங்க, தாராபுரம். நோம்பி முடிஞ்சுதான் வரும்."

"எந்த நோம்பிங்க?" என்றாள் என் மனைவி. பக்கத்தில் பண்டிகை எதுவும் இல்லை.

அந்த அம்மாள் சிரித்தாள். "நோம்பிக்கு என்னுங்க பஞ்சம்?"

ஒரு வீட்டுக்குள் போனால் என் கண் சாமான்களை எடை போடும், நான் சொல்லாமலேயே போடும். முற்றத்தைத் தாண்டி ஒரு உள்ளறை. நூறு வருடத்துக் கதவு, அதன் வெளிப்பக்கம் புத்தம் புதிய தாழ்ப்பாள். நான்கு திருகாணி, இன்னும் துரு ஏறவில்லை. கதவடியில் ஒரு அலுமினியத் தட்டு கிடந்தது, அதன் ஓரத்தில் ரசம் இன்னும் காயவில்லை.

"சிவகாமி!" என்று கூப்பிட்டேன். சந்தையில் எதிர்க்கோடியில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரலில்.

உள்ளே ஏதோ நகர்ந்தது.

"எலிங்க சம்மந்தி. புண்ணாக்கு மூட்டை அடுக்கியிருக்குது." அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. மோர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அவ அப்பன் பங்குக்கு ஒரே ஒரு கையெழுத்துத்தானுங்க. கடை இருக்கற எடத்த பனியன் கம்பெனிக்காரரு கேக்கறாரு. போட்டுட்டா ஆருக்கும் தொந்தரவு இல்ல. நீங்களே எடுத்துச் சொல்லுங்க சம்மந்தி." கொஞ்சம் நிறுத்தினாள். "அவ வந்ததுக்கப்பறம்."

நான் அந்தக் கதவை நோக்கி இரண்டு அடி வைத்தேன். மாப்பிள்ளை மில்லிலிருந்து இரண்டு ஆட்களோடு வந்து குறுக்கே நின்றான். என் கண்ணைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே, "பஸ்சுக்கு நேரமாச்சுங்க மாமா" என்றான். தோளில் ஒருவன் கை வைத்தான். தள்ளவில்லை. வைத்தான், அவ்வளவுதான். அந்தக் கையின் கனம் வாசல் வரைக்கும் இருந்தது.

பஸ்ஸில் என் மனைவி இரண்டு டிக்கெட்டையும் முந்தானையில் முடிந்தாள். பிறகு சொன்னாள்: "கதவுக்கு அடியில ரெண்டு பாதத்து நெழல் தெரிஞ்சுதுங்க. கதவ ஒட்டி நின்னுட்டிருந்துச்சு. நீங்க பாக்கலீங்களா?"

நான் பார்க்கவில்லை. திருகாணியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். "மருமக ஊட்டுக்குள்ள இருக்குதுன்னு கேசு போட முடியுங்களா பெரியவரே?" என்றார் அங்கிருந்தவர். பிறகு வயதைக் கேட்டார். அவள் வயதை என்று நினைத்துச் சொன்னேன். அவர் கேட்டது என் வயதை.

வீட்டுக்கு வந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தேன். எவர்சில்வர் பித்தளை மாதிரி இடம் கொடுக்காது, உளி வழுக்கும். அரைநாள் ஆயிற்று. அடியில் ஒரு வட்டம் வெட்டினேன், நடுவே ஒரு புள்ளி. மாராத்தாளிடம் கொடுத்தேன். அவள் அதை அந்த வீட்டில் எப்படிச் சேர்த்தாள் என்று சொல்லிக் காட்டினாள், நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள்.

"'அலுமினியத்துல சோறு போட்டா ஒடம்புக்காகாதுங்க அம்மிணி, இத்தன நாள் யாவாரம் குடுத்தீங்க, இந்தத் தட்டு கொசுறா இருக்கட்டுமுங்க'ன்னு வெச்சனுங்க சாமி. சும்மா வருதுன்னா அந்தம்மா வேண்டாங்குமா? சுண்டிப் பாத்துட்டு எடுத்துக்கிச்சுங்க."

சுண்டிப் பார்த்தாளாம். திருப்பிப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தாளோ, புரியவில்லையோ.

செவ்வாய்க்கிழமை மாராத்தாள் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு மறுபடி அந்த வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தவள் கூடையைக்கூட இறக்கவில்லை. "உள்ள இருந்து சத்தம் வருதுங்க சாமி. தட்டத் தட்டற சத்தம். சோத்துக்குத் தட்டற மாதிரி இல்லீங்க. ரெண்டு தட்டு. அப்பறம் நிறுத்தி, ஒண்ணு. மறுக்கா ரெண்டு, நிறுத்தி, ஒண்ணு."

அண்ணா, சிவகாமி திருப்பிப் பார்த்திருக்கிறாள். திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டியிருக்கிறாள். உங்கள் நிதானத்தோடு தட்டியிருக்கிறாள். "சத்தம் நீளமா வந்துதா, பாதியில நின்னுச்சா?" என்று கேட்டேன். "மணியாட்ட வந்துதுங்க" என்றாள். நான் கல்லாப்பெட்டி மேல் தலையை வைத்துக்கொண்டேன்.

விரிசல் இல்லை.

அது செவ்வாய்க்கிழமை. நேற்று, புதன்கிழமை, மாராத்தாள் தெருவோடு போனபடியே காது கொடுத்தாள். சத்தம் இல்லை. தூங்கியிருக்கலாம். தட்டைப் பிடுங்கியிருக்கலாம். மாமியார் இந்த முறை திருப்பிப் பார்த்திருக்கலாம்.

இன்று வியாழன். மிஷினை நிறுத்தி வைத்துக்கொண்டு அச்சகக்காரர் கடைசிப் பக்கத்துக்காக நிற்கிறார். நாளை காலை அந்த வீட்டு இளைய மகனுக்கு நம் ஊரில் நிச்சயம். சிவகாமியின் மாமியாரும் புருஷனும் மில் ஆட்களும் தாம்பூலத் தட்டோடு இங்கே இருப்பார்கள். இந்த நோட்டீஸ் பந்தலில் கை மாறுகிற நேரத்தில் நான் அங்கே, அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பேன். நம் தெருத் தறிக்காரர்கள் எட்டுப் பேர் வருகிறார்கள். காவலுக்கு ஒரு ஆள் இருப்பானாம், இருக்கட்டும். நான்கு திருகாணிதான்.

பெண்ணைக் கொடுக்கப் போகிறவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மாப்பிள்ளை வீட்டார் பித்தளைக் குத்துவிளக்கு கொண்டுவந்திருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். பேர் இருந்த இடத்தில் ஒரு தழும்பு இருந்தால், அதில் யார் பேர் இருந்தது என்று பந்தலிலேயே கேளுங்கள். சிவகாமிக்கு நாங்கள் கொடுத்த சீரில் இன்னும் என் கைக்கு வராதது அந்த விளக்கு ஒன்றுதான். நான் கேட்காமல் விட்ட கேள்வியை நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

அண்ணா, உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. நாளை பொழுது சாய்வதற்குள் உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவது அவள் கையாக இருக்கும். கடையின் பாதி அவளுடையது, மீதியும் இனி அவளுடையது. பலகையை இறக்கிவிட்டேன், இனி அதில் அவள் பேர் வரும். என் பேருக்கு இடம் வேண்டாம்.

அப்படி நடக்காமல் போனால், அந்தக் கதவைத் திறந்தபின் நான் பார்க்கக்கூடாததைப் பார்க்கும்படி ஆனால், அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். திருமுருகன்பூண்டிச் சிற்பிகளிடம் நாலடிக் கருங்கல் ஒன்றுக்குச் சொன்னேன், ஒரு பக்கத்தை வழவழவென்று இழைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டாரின் பேரை ஒருவர் விடாமல் அதில் வெட்டி, காங்கேயம் சந்தைக்குப் போகிற வழியில் நடுவேன். பித்தளையில் இருந்த பேரை ராவிவிட்டார்கள். கருங்கல்லை எந்த அரத்தால் ராவுவார்கள்?

கல் இன்று காலை வரைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது. உளி என் மடியில் இருக்கிறது.

நோட்டீஸின் மேலே, உங்கள் படத்துக்குப் பக்கத்தில், ஒரு வட்டமும் நடுவே புள்ளியும் போடச் சொன்னேன். "இது எந்தக் கட்சிச் சின்னமுங்க?" என்று கேட்டார் அச்சகக்காரர்.

"எங்க ஊட்டுச் சின்னமுங்க" என்றேன்.

நாளை காலை காங்கேயத்துக்கு முதல் பஸ் ஏறுகிற,
உங்கள் தம்பி,
சிவகாமியின் சித்தப்பன்.